கொட்டகையின் பின்சுவர்

கல்யாணமான புதிதில் நாங்கள் குடியிருந்த வீடு, மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகை ஒன்றின் பின்சுவரை ஒட்டியிருந்தது. நான் கட்டிங் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். கொட்டகை முதலாளி இறந்த பிறகு அதை நடத்த ஆளில்லை. ஓடுகள் சரிந்து மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியது. எங்கள் சமையலறைக்கு மேலே உயர்ந்து நின்ற சுவரில் ஓர் அரசங்கன்று வேர்விட்டு, வெடிப்பை அகலமாக்கிக்கொண்டிருந்தது.

என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். "ஏனுங்க, இந்தச் செவுரு ஒரு நாளைக்கு நம்ம மேலதான் உழுகப் போகுது" என்பாள். கொட்டகைக் காவலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் மட்டும் என்ன செய்வார்?

ஐப்பசியில் ஒரு மத்தியானம் கம்பெனிக்கு ஆள் ஓடி வந்தது. போய்ப் பார்த்தால் சமையலறைக் கூரை இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் செங்கல் குவிந்து கிடந்தது. இடுப்பில் குடத்தோடு தெருவில் நின்றிருந்தாள் மனைவி.

"தண்ணி வந்துருச்சுன்னு கொழாய்க்குப் போனனுங்க. திரும்பறதுக்குள்ள..."

குடத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவளைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறி உடுமலைக்குப் போய்க் கொட்டகை முதலாளியின் மனைவியைப் பார்த்தோம். "ஆருக்கும் ஒண்ணும் ஆகலையில்லீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, "இடிச்சுப்போட்டு எடத்தை வித்தரலாம்னு பசங்க சொல்றாங்க. நாளைக்கே வந்து பாக்கறேன்" என்றார்.

சொன்னபடி கொத்தனாரோடு வந்தார். உள்ளே திரை கிழிந்து தொங்கியது. பெஞ்சுகளைக் கரையான் தின்றிருந்தது. எங்கும் புறா எச்சம். அந்த அம்மாள் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"மொதலாளி சம்சாரம் ஜனத்தோட உக்காரக் கூடாதுன்னு அவரு என்னைய ஒரு படத்துக்குங் கூட்டிட்டு வரலீங்க."

அடிச்சுவர் கெட்டியாக இருக்கிறது, மேல்பாதியைப் புதிதாகக் கட்டி முட்டுக் கொடுத்தால் போதும் என்றார் கொத்தனார். என் மனைவி சட்டென்று பேசினாள். "இடிச்சா எங்க ஊடும் சேந்து போயிருமுங்கம்மா. செவுத்தைக் கட்டி, ஓட்டை மாத்தி ஒக்குட்டுப் படம் ஓட்டுங்க. நீங்களும் வந்து பாருங்க."

அந்த அம்மாள் அவளையே பார்த்தார். பிறகு கொத்தனார் பக்கம் திரும்பி, "எப்பங்க ஆரம்பிக்கலாம்?" என்றார்.

அந்த அம்மாளின் மகன்களுக்கு இதில் சம்மதமில்லை. அவர் கேட்கவில்லை. வேலை நடந்த மாதங்களில் சேவூரில் என் மாமனார் வீட்டில் இருந்தோம். எங்கள் மகள் அங்கேதான் பிறந்தாள். திரும்பி வந்தபோது எங்கள் சமையலறைக்கும் சேர்த்து ஓடு போட்டிருந்தார்கள்.

கொட்டகையை ஒருவர் குத்தகைக்கு எடுத்தார். முதல் நாள் பகல் ஆட்டத்துக்கு அந்த அம்மாள் உடுமலையிலிருந்து வந்து, பெண்கள் பக்கம் என் மனைவிக்கு அருகே பெஞ்சில் உட்கார்ந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான். பாதிப் படத்தில் நல்ல மழை. பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. காலை நீட்டிக்கொண்டேன்.

இடைவேளையில் அந்த அம்மாள் சிரித்துச் சிரித்து மனைவியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் என்னவென்று கேட்டேன்.

"பின்னால இருந்தவங்க காலு முதுகுல இடிச்சுட்டே இருக்குதாமா. அதுவும் நல்லாத்தான் இருக்குதுன்னாங்க."