லூர்து அக்கா ஒப்புரவாகவில்லை

செய்தி எங்கள் மைசூர்ப் பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ‘நம் பங்கைச் சேர்ந்த செல்வி லூர்து மேரி, நோயில்பூசுதல் பெற்று, இறைவனோடு ஒப்புரவாகி, அமைதியில் உறங்கினார்.’ கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அவருக்குக் கணையத்தில் புற்று என்பதும், அதிக நாள் இல்லை என்பதும் தெரிந்த விஷயம்தான். சாவு என்னைத் திடுக்கிட வைக்கவில்லை. மன்னித்துச் சமாதானமாகி என்று பொருள்படும் அந்த ‘ஒப்புரவாகி’ என்ற சொல்தான் வைத்தது. யார் சொன்னார்கள் இதை? யாரைக் கேட்டு எழுதினார்கள்? அழுகைக்கு முன்பே சந்தேகம் வந்துவிட்டது. அக்காவோடு பழகியதன் பலன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பங்கு இதழை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். கடைசி பெஞ்சில், தூணை ஒட்டி உட்காருவார். முழந்தாளிட மாட்டார், நற்கருணை அப்பம் வாங்க எழுந்து வர மாட்டார். ஆனால் ஒரு பூசையும் தவறாது. விசுவாசம் போய்விட்டது என்று கேட்டவர்களிடமெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார். அப்படியானால் கோயிலுக்கு எதற்கு வருகிறார்? கல்லறையில் இடம் வேண்டுமே, அதற்காக என்றார்கள் சிலர். வளர்ப்பு மகளுக்குப் பங்கிலேயே மாப்பிள்ளை பார்க்க என்றார்கள் வேறு சிலர். நானும் அப்படி ஏதோ ஒன்றை நம்பிக்கொண்டிருந்தவள்தான்.

நாங்கள் முதலில் பேசியது ஒரு குணமளிக்கும் வழிபாட்டு நாளில். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு போதகர், சுகம் பெற்றவர்கள் கை தூக்குங்கள் என்றார். எனக்குச் சர்க்கரை நோய் வந்த புதிது. கை தூக்கினேன். முடிந்து வெளியே வந்தபோது, செருப்பு விடும் இடத்தில் இந்த அம்மாள் என்னை மறித்துக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க, மாத்திரைய நிறுத்திப் போடுவீங்களா?”

“நீங்க யாரு?”

“யாரா இருந்தா என்னங்க. ரத்தம் பாத்துட்டு, டாக்டர் நிறுத்தச் சொன்னா நிறுத்துங்க. மேடையில இருக்கறவன் சொன்னான்னு நிறுத்தாதீங்க.”

மருந்துக் கடைக்கு ஆள் பிடிக்கிறாரோ என்று நினைத்தேன். அன்று அவர் இன்னும் சிலரையும் அப்படி மறித்துக் கேட்பதைப் பார்த்தேன். அதன் பிறகு ஞாயிறுதோறும் திரும்பிப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. நான் பள்ளி ஆசிரியை. கடைசி பெஞ்சில் இருப்பவர்களைப் பார்த்தே பழக்கம். அவர் ஜெபிக்கவில்லை. பிரசங்கத்தை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார், பொய் சொல்லும் பையனின் காரணத்தை நாங்கள் கேட்பது போல.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு என்.ஆர். மொஹல்லாவில் இருந்த அவர் வீட்டுக்குக் கேக் கொண்டுபோனேன். கதவைப் பாதி திறந்து, கேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“யாரு அனுப்புனாங்க?”

“யாரும் அனுப்பலைங்க. நானாத்தான் வந்தேன்.”

“ஃபாதர் அனுப்புனாரா, அன்பியத்துக்காரங்களா?”

எங்கள் தெருக் குடும்பங்களின் ஜெபக் குழுவான அன்பியத்தின் தலைவி என்னிடம், ‘அந்தம்மாகிட்ட கொஞ்சம் பேசிப் பாருங்க டீச்சர்’ என்று சொன்னது உண்மை. அதற்காக நான் போகவில்லை. இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. கேக்கை வாங்கிக்கொண்டு என்னை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். இரண்டாம் முறை போனபோது உள்ளே விட்டார். என்னை அவர் முழுதாக நம்பினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

கதையை அவர் சொன்னது வெகு காலம் கழித்து, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. மார்டள்ளி என்ற தமிழ்க் கிறிஸ்தவக் கிராமத்துக்காரர். அப்பா, அம்மா, தாத்தா எல்லாரும் பூசை தவறாதவர்கள். மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்து வந்தவர், தங்கை ஆரோக்கிய மேரியையும் இங்கேயே கட்டிக்கொடுத்தார். தங்கைக்குச் சிறு வயதிலிருந்து வலிப்பு. மாத்திரை சாப்பிடும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. நஞ்சன்கூட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெபக் கூட்டம் என்று அக்காதான் அவரை அழைத்துப்போயிருக்கிறார். மேடையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. விசுவாசம் உள்ளவர்கள் மாத்திரையை இதில் போடுங்கள் என்றாராம் போதகர். ஆரோக்கியம் போய்ப் போட்டாராம்.

“எல்லாரும் கை தட்டுனாங்க டீச்சர். நானும் தட்டுனேன். ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவ. எனக்கும் அப்ப தோணல.”

அடுத்த மாதத்தில் ஒரு காலை, துணி துவைக்கும்போது வலிப்பு வந்து, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் தலை அடித்து ஆரோக்கியம் இறந்துபோனார். குழந்தை ஜெனி அப்போதுதான் பால்வாடி போய்க்கொண்டிருந்தாள். தகப்பன் வேறு கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் போய்விட, அக்கா குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். அன்றைய பங்குத்தந்தையிடம் போய், ‘ஜெபம் பண்ணுங்க, மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு பூசையில ஒரு வார்த்தை சொல்லுங்க ஃபாதர்’ என்று கேட்டிருக்கிறார். அது நம்முடைய கூட்டம் இல்லையே, நாம் ஏன் பேச வேண்டும் என்றாராம் அவர். உன் தங்கை விசுவாசத்தில் இறந்தாள், ஆறுதல் கொள் என்றாராம்.

“அந்தப் போதகனையாச்சும் ஒரு நாள் மறப்பனோ என்னமோ. இந்த ஆறுதல மறக்க மாட்டேன்.”

கடவுளை எப்போது விட்டீர்கள் என்று கேட்டேன். யோசித்துத்தான் சொன்னார். “நான் எங்க விட்டேன்? ஒரு நாள் ஜெபமால சொல்லிட்டு இருந்தேன். எதிர்ல ஆள் இல்லாம போன்ல பேசிட்டு இருக்கற மாதிரி இருந்துச்சு. வெச்சுட்டேன். ஆனா பாருங்க டீச்சர், இல்லாதவரு மேல எதுக்கு இவ்வளவு கோபம் வருது? அது மட்டும் எனக்குப் புரியல.”

அவர் வேலையில் இருந்த கடைசி வருடங்களில் அந்த நஞ்சன்கூட்டுப் போதகரே ரத்தப் பரிசோதனைக்கு வந்தார். வெள்ளை ஜிப்பா, கையில் வேதாகமம், கூட இரண்டு பேர். சர்க்கரை, கொலஸ்ட்ரால், எல்லாம் பார்க்க வேண்டும் என்று சீட்டு. அக்கா அவருடைய கையைக் கட்டி, நரம்பைத் தேடி, ஊசியைக் குத்தினார். நான் குறுக்கிட்டுக் கேட்டேன்.

“என்ன பண்ணுனீங்க?”

“என்ன பண்ணுவேன்? ரத்தம் எடுத்தேன். ‘மாத்திர எல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களாங்க ஐயா’ன்னு கேட்டேன். ‘ஒரு வேளை தவறாதும்மா’ன்னாரு. ‘ஆரோக்கிய மேரியத் தெரியுங்களா’ன்னேன். ‘எந்த ஊரும்மா?’ன்னாரு. அப்புறம் என் தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிட்டாரு.”

அவர் உண்மையிலேயே மறந்துவிட்டாரா, மறந்தது போல் நடித்தாரா? அக்காவை அரித்தது இந்தக் கேள்விதான். நடித்திருந்தால் தேவலை என்றார். நடித்திருந்தால் ஆரோக்கியம் அந்த ஆளின் மனத்தில் எங்கேயோ இருக்கிறாள் என்று அர்த்தம்.

இதெல்லாம் தெரிந்ததால்தான் அந்த வாட்ஸ்அப் செய்தி எனக்கு இடித்தது. பூசைக்குப் போகவில்லை. நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். ஜெனி நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவள் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். தமிழைவிடக் கன்னடம்தான் சரளம். பெரியம்மா வளர்த்த பிள்ளை, ஆனாலும் பக்தியானவள். பாடகர் குழுவில் பாடுபவள். அவள்தான் பெரியம்மா நினைவில்லாமல் கிடந்தபோது ஃபாதரை அழைத்து நோயில்பூசுதல் எண்ணெயைப் பூசச் செய்துவிட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டு போயிருந்தேன். துக்க வீடு என்றும் பாராமல் கேட்டேன்.

“பெரியம்மாவுக்கு நினைவு இருந்துச்சா, ஜெனி?”

அவளுக்குப் புரிந்துவிட்டது. “ஃபுல் நினைவோடதான் இருந்தாங்க ஆன்ட்டி. நான்தான் கேட்டேன். ‘எனக்காக ஒரே ஒரு சல, ஒரு தடவ பூசிக்கோங்க பெரியம்மா, இல்லாட்டி நான் ஜீவமானம் பூரா யோசிச்சுட்டே இருப்பேன்’னு அழுதேன். ‘பேடா, வேண்டாம்’னாங்க. அப்புறம் ‘சரி, வரச் சொல்லு’ன்னாங்க.” பிறகு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “என்ன நடந்துச்சுன்னு ஃபாதரையே கேளுங்க. நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க அல்வா, இல்லையா?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஃபாதரையும் கேட்டேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்ட வாசலில், அக்காவுக்குப் பூசிய உதவிப் பங்குத்தந்தையைப் பிடித்தேன். குருப்பட்டம் பெற்று அதிக காலம் ஆகாதவர். முதலில் தயங்கினார். பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் எதுவும் நடக்கவில்லை, ரகசியம் காக்கும் கடமை இல்லை, ஆகவே சொல்லலாம் என்றார்.

“எல்லாரையும் மன்னிக்கிறீங்களாம்மான்னு கேட்டேன் டீச்சர். ‘இல்லைங்க ஃபாதர்’னாங்க. கொஞ்சம் முயற்சி பண்ணுங்கன்னேன். ‘அதைப் பேச வேண்டாம். இந்தப் புள்ளைக்காகப் பூசுங்க. எனக்காகப் பூசுனேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க’ன்னாங்க.”

“நீங்க பூசினீங்களா?”

“பூசினேன். சரியா தப்பான்னு எனக்கே தெரியலை. முடிஞ்சதும், ‘கை பிசுபிசுங்குது, தொடச்சு விடுங்க’ன்னாங்க. தொடச்சு விட்டேன்.”

குழுவில் செய்தி போடும் செயலாளரிடமும் பேசினேன். இறந்தவர்கள் எல்லாருக்கும் அதே வாசகம்தானாம். பெயரை மட்டும் மாற்றுவாராம். அந்த ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள் என்றேன். “சும்னே இருங்க மேடம், நல்ல வார்த்தைதானே” என்றார். இந்தக் கட்டுரையை எழுதும் காரணம் அதுதான். இதழின் ஆசிரியர் குழு எதையெல்லாம் வெட்டும் என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. எதை வெட்டினாலும் தலைப்பை விட்டுவிடுங்கள்.

ஜெனி எல்லாரையும் மன்னித்துவிட்டதாகச் சொல்கிறாள். செத்தது அவள் அம்மா, அவளுக்கு அந்த உரிமை உண்டு. நான் இன்னும் விசுவாசிதான். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஜெபமாலை சொல்கிறேன், அக்காவின் ஆன்மாவுக்காகவும் சொல்கிறேன், தெரிந்தால் திட்டுவார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு சின்ன மாற்றம்தான். பரலோக மந்திரத்தில், ‘எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல’ என்று மன்னிப்பைப் பற்றி வரும் வரியில் இப்போதெல்லாம் நாக்கு தடுக்கி நிற்கிறது. ‘நாங்கள்’ என்று இருக்கும் இடத்தில், அக்காவைச் சேர்க்காமல், ‘நான்’ என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன்.