நான்தான் ஊற்றினேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் இது நடந்தது. சங்ககிரி பைபாஸில் திரும்பும்போது என் பழைய காரின் ஸ்டீயரிங் திடீரென்று கல்லாக இறுகிவிட்டது. எதிரே ஒரு லாரி. பக்கத்தில் என் மனைவி. பிரேக்கை மிதித்து நின்றபோது லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும்.

பூஜைக்கு இரண்டு நாள் முன்புதான் எங்கள் ஊர் மெக்கானிக் அந்தக் காரை சர்வீஸ் செய்து கொடுத்திருந்தார். பன்னிரண்டு வருடமாக அவரிடம்தான் விடுகிறேன். காரைக் கட்டி இழுத்துக்கொண்டு நேராக அவர் பட்டறைக்குப் போனேன். பவர் ஸ்டீயரிங் எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் ரோஸ்மில்க் போல நுரைத்திருந்தது.

"தண்ணி கலந்திருக்குதுங்க சார். ஊட்ல யாராச்சும் ஊத்துனாங்களா?"

எனக்குச் சுரீரென்றது. "எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுன்னு முப்பது வருஷம் பாடம் நடத்துனவன் நான். எங்கிட்டயே கதை விடறியா?"

"பம்ப்பு சுத்துனா மோராட்டம் கடஞ்சு உட்ருமுங்க சார்."

சுற்றி நின்ற லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. அன்று மாலையே எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நாலு பத்தி எழுதினேன். எண்ணெய்க்குப் பதில் தண்ணீரை ஊற்றி இரண்டு உயிரைக் கொல்லப் பார்த்தவன் என்று, ஒரு பிழையும் இல்லாத தமிழில், பட்டறை இருக்கும் தெருவோடு சேர்த்து. கட்டைவிரல்கள் மளமளவென்று விழுந்தன. மற்ற குழுக்களுக்கும் அனுப்பிவிட்டதாகப் பலர் பெருமையாகச் சொன்னார்கள்.

அவர் முஸ்லிம். "அவங்க கடைக்கு ஏன் சார் போனீங்க?" என்று ஒருவர் எழுதினார். வண்டிப் பழுதுக்கும் மதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதன் கீழேயும் கட்டைவிரல்கள் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். பூஜையன்று பெங்களூரில் இருக்கும் மகளுக்கு அனுப்புவதற்காக எடுத்த வீடியோவை மனைவி திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவிப் பொட்டு வைத்த காரின் பானெட்டைத் திறந்துவைத்து, வைப்பர் தண்ணீரை நிரப்பக்கூட மெக்கானிக்கைத் தேடக் கூடாது என்று மகளுக்கு நான் உபதேசம் செய்கிறேன். படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கிறேன். கையில் சொம்பு.

"ஏனுங்க, அந்த மெக்கானிக் தெறந்து காட்டுனாரே, அதே மூடி இல்லீங்களா இது?"

அதேதான். வைப்பர் டப்பா என்று நினைத்து அதில் வழிய வழிய ஊற்றியிருக்கிறேன்.

வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்த நேரம் என் வாயில் வந்த முதல் வார்த்தை, "அதை அழிச்சிரு" என்பதுதான்.

"அழிச்சுப்போட்டா அந்த ஆளு கடைக்கு வண்டி வந்துருமாங்க?" என்றாள் மனைவி. அப்படி ஒரு பார்வையை நாற்பது வருடத்தில் அவளிடம் நான் பார்த்ததில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். எப்போதும் ஆறேழு கார்கள் நிற்கும் இடத்தில் ஒரு ஆட்டோ மட்டும் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். கையைத் துடைத்தபடியே கேட்டார்.

"எங்கிட்ட வந்து சொல்றீங்களே சார், அன்னைக்கு எங்கிட்டயா எழுதுனீங்க? எழுதுன எடத்துல எழுதுங்க. அப்புறம், உங்க வண்டிய இனி நான் தொடமாட்டேனுங்க."

எழுதினேன். வீடியோவையும் போட்டேன். எல்லாக் குழுக்களுக்கும் இதையும் அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். விழுந்தது இரண்டே கட்டைவிரல். மதத்தை இழுத்தவர், "விடுங்க சார், இதுல தப்பிச்சான், இன்னொண்ணுல மாட்டாமயா போயிருவான்?" என்று எழுதினார். இந்த முறை நான் விடவில்லை, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். "இத்தனை நாள் நீங்களும் பார்த்துட்டு சும்மாதானே இருந்தீங்க?" என்று பதில் வந்தது.

இப்போதெல்லாம் சர்வீஸுக்குப் பள்ளிபாளையம் வரை போகிறேன். வழியில் அவர் பட்டறையைக் கடக்கும்போதெல்லாம், ஒரு பொய்யை அத்தனை வேகமாக ஊரெல்லாம் கொண்டுபோனவர்கள் உண்மைக்காக ஒரு விரலைக்கூட அசைக்கவில்லையே என்று ஆத்திரம் பொங்குகிறது. அந்தப் பொய்யை அழகாக எழுதி அவர்கள் கையில் கொடுத்தவன் நான்தான் என்பதும் கூடவே நினைவுக்கு வருகிறது.