எதுவும் கலக்காதது

பிரான்ஸின் லியோன் நகரத்தில் நான் வேலை செய்யும் கடைக்கு வருகிறவர்கள் வைன் போத்தலை எடுத்ததும் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். அடியில் மண்டி தங்கியிருந்தால் முகம் மலரும். உள்ளே இருப்பது கண்ணாடிபோலத் தெளிந்திருந்தால், "இதை வடிகட்டியிருக்கிறார்களா?" என்று ஏதோ களவைக் கண்டுபிடித்தவர்கள்போலக் கேட்பார்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி, "மாட்டுத் தொழுவ வாசம்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு போத்தல் எடுக்கத் திரும்பினேன். அவர் கிளாஸை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அது குறை அல்ல, பாராட்டு என்று கடையின் முதலாளியம்மா மத்தில்ட் பிறகுதான் எனக்கு விளங்கப்படுத்தினார். என் அப்பா கண்டி மாநகரசபையில் தண்ணீர்ப் பகுதிக் கிளார்க். மழைக்குப் பிறகு குழாயில் தண்ணீர் கலங்கி வந்தால் தெளியும்வரை வாளி வைக்கவிடாத வீட்டில் வளர்ந்தவளுக்கு, கலங்கலைக் கொண்டாடும் மனிதர்களைப் புரிந்துகொள்ள நாள் எடுத்தது.

அங்கே விற்பது எல்லாமே 'வான் நத்யூர்'. இயற்கை வைன் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பூச்சிமருந்து அடிக்காத தோட்டத்துத் திராட்சையைக் கையால் பறித்து, வெளியிலிருந்து ஈஸ்ட் எதுவும் போடாமல், பழத்தின் தோலில் ஏற்கெனவே இருப்பதைக் கொண்டே புளிக்கவிடுவார்கள். கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகத்தையும் துளியளவு போடுவார்கள், அல்லது போடவே மாட்டார்கள். வாங்க வருகிறவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதைத்தான் அதிகம் கேட்பார்கள். கந்தகம் இல்லையா, சீனி சேர்க்கவில்லையா, அப்படியானால் மறுநாள் தலைவலி வராது இல்லையா. பிறகு, யார் செய்தது என்று கேட்பார்கள். அந்தத் தோட்டக்காரனின் பெயரையும், அவன் குதிரை பூட்டி உழுகிறான் என்பதையும் சொன்னால் போத்தலைப் பிள்ளையைப்போல ஏந்திக்கொண்டு போவார்கள். நான் அவர்களைக் கேலி செய்யவில்லை. கடையில் வாங்கும் பாணிலும் யோகட்டிலும் எழுதியிருக்கும் இரசாயனப் பெயர்களை வாசித்து வாசித்துக் களைத்துப்போனவர்கள் அவர்கள். ஒரு பொருளையாவது பயமில்லாமல் வாயில் வைக்க ஆசைப்படுகிறார்கள். மத்தில்டும் இதை வெறும் வியாபாரமாகச் செய்யவில்லை. அவருடைய அப்பா திராட்சைத் தோட்டத்தில் ஆயுள் முழுக்க மருந்தடித்தவர். கடைசிக் காலத்தில் கைநடுக்க நோய் வந்து, தன் தோட்டத்து வைனைத் தானே கிளாஸில் ஊற்றிக்கொள்ள முடியாமல் இறந்துபோனவர்.

நான் குடிப்பதில்லை. கணவர் பக்கத்து ரெஸ்டோரண்டில் சமைக்கிறார். அவர் மூலமாகக் கிளாஸ் கழுவப் போனவள், மெல்ல மெல்ல போத்தல்களைப் பற்றிப் பேசுகிறவளாக ஆனேன். வாயில் எடுத்து ருசி பார்த்துத் துப்பிவிடுவேன். மூக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஊரில் கேட்டால், கடையில் வேலை என்பேன். என்ன கடை என்று தம்பி குமாரைத் தவிர யாரும் கேட்டதில்லை.

குமார் தெல்தெனிய பஸாரில் தண்ணீர்ப் பம்பும் மோட்டரும் திருத்துகிறவன். செல்வியைக் கட்டிக்கொண்டு கண்டியிலிருந்து அங்கே போனான். கைராசிக்காரன் என்று பெயர். ஆனால் வேலை முடிந்தால் சாராயம். பிறகு வேலைக்கு நடுவிலும் சாராயம். போன வருடம் கால் வீங்கி, கண் மஞ்சளித்து, கண்டியில் டொக்டரிடம் காட்டியபோது ஈரல் இறுகத் தொடங்கிவிட்டது, இனி ஒரு சொட்டும் கூடாது என்றார். அவன் பயந்துபோனான். உண்மையாகவே சாராயத்தை விட்டான். செல்வி போனில் அழுதுகொண்டே அதைச் சொன்ன அன்று நான் கடை அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் குமார் வீடியோ கோல் எடுத்தான். எனக்குப் பின்னால் வரிசையாக இருந்த போத்தல்களைப் பார்த்து, "இவ்வளவும் வைனா அக்கா?" என்றான். வழக்கமாக வருகிறவர்களுக்குச் சொல்வதை அவனுக்கும் சொன்னேன். பழம் மட்டும்தான், வேறு எதுவும் கலப்பதில்லை, தானாகவே புளிப்பது.

"அப்ப தலையிடி வராதா?"

"வாறதில்லைன்னு சொல்றாங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் தலையை ஆட்டிக்கொண்டு வேறு கதைக்குப் போனான். நானும் மறந்துபோனேன்.

ஆகஸ்டில் லியோனில் பாதிக் கடைகள் பூட்டிவிடும். மத்தில்டும் கடையைப் பூட்ட, நான் ஊருக்கு வந்தேன். பெரஹர ஊர்வலக் கூட்டத்தில் கண்டி நகரம் அசையமுடியாமல் கிடந்தது. ஒருவழியாகப் பஸ் பிடித்து, திகன தாண்டி, விக்டோரியா நீர்த்தேக்கம் கீழே மின்னத் தொடங்கியபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குமார் பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தான். கைகால் குச்சிபோல. சட்டைக்குள் வயிறு மட்டும் உப்பியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு, பேச்சில் ஒரு உற்சாகம். செல்வி என் பையை வாங்கிக்கொண்டு என் கண்ணைப் பார்க்காமல் நடந்தாள்.

மத்தியானச் சோற்றுக்கு முன்னால் குமார் ஒரு பிளாஸ்டிக் கேனை எடுத்துவந்து என் முன்னால் வைத்தான். மூடியைத் திறந்ததும் சீறிக்கொண்டு நுரை எழுந்தது. கித்துள் கள், கூந்தற்பனையில் இறக்குவது.

"சாராயத்த விட்டுட்டேன் அக்கா. இது உன் கடை சாமான் மாதிரிதான். எதுவும் கலக்காதது. மரத்துல இருந்து எறக்கி, அப்படியே தானா புளிக்குது. ஈஸ்ட் போடல, சீனி போடல. பாரு, மண்டிகூட இருக்கு."

நான் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொல்லும் வார்த்தைகளைத் தெல்தெனியவில் என் தம்பியின் வாயால் கேட்டேன். கேனை வாங்கி மூக்கருகே வைத்தேன். அவனை அடிக்கத்தான் வாங்கினேனோ, கொட்டத்தான் வாங்கினேனோ தெரியாது. ஆனால் பழகிய மூக்கு என் சொல் கேட்கவில்லை. பச்சை அப்பிள், புளித்த மா, பின்னால் லேசாகத் தயிர். நல்ல கள். லியோனில் இருந்தால் இதை இரண்டு வாக்கியத்தில் விற்றுவிடுவேன் என்று மனதுக்குள் ஓடியது. குமார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் எதைக் கண்டானோ, சிரித்தான்.

"ஒனக்குத் தெரியும்," என்றான்.

"குமார், வெஷம் கலக்கலன்னா அது மருந்துன்னு அர்த்தமில்ல. இதுலயும் வெறி இருக்கு. ஈரலுக்கு அதுதான் கூடாது."

"அங்க வெள்ளக்காரனுக்கு நல்லதுன்னு விக்கிற. தம்பிக்கு மட்டும் கூடாதா?"

அவன் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஒரு கணக்குச் சரியாக வராத பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டான். நல்லது என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் அவர்கள் அப்படி நினைத்துக்கொண்டு வாங்கும்போது இல்லை என்றும் சொன்னதில்லை. அன்று கேனை நான் கொட்டினேன். மறுநாள் இன்னொரு கேன் வந்தது.

அவனைக் கண்டிக்கு அழைத்துக்கொண்டு போனேன். டொக்டர் பொறுமையான மனிதர். சிங்களத்திலும், எனக்காக ஆங்கிலத்திலும் சொன்னார். கள்ளோ, விஸ்கியோ, பிரான்ஸ் வைனோ, ஈரலுக்குப் பெயர் தெரியாது, உள்ளே வருவது மட்டும்தான் தெரியும் என்றார். குமார் எல்லாவற்றுக்கும் "ஹரி டொக்டர்" என்று தலையாட்டினான். திரும்பி வரும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அவரு படிச்சது அப்படி அக்கா. மாத்திரைய நம்புறவங்களுக்கு மரத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றான். இப்படிப் பேசும் இளைஞர்கள் என் கடைக்கும் வருவார்கள். அவர்களோடு சேர்ந்து நான் சிரித்திருக்கிறேன்.

பஸாரில் குமாரின் கடைக்குப் பக்கத்தில் பாரூக் நானாவின் சரக்குக் கடை. மடவளை ஊர்க்காரர். குமாரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குவது எல்லாம் அவருடைய வேன்தான். குடியின் வாடையே ஆகாதவர், ஆனாலும் குமாரை விலக்கி வைத்ததில்லை. அவரிடம் போய், நீங்களாவது சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

"சொல்லாம இருப்பனா தங்கச்சி? சாராயத்த விட்டுட்டாரு தானே, இதும் மெதுவாப் போயிரும் எண்டு நெனச்சன். இப்ப என்ன நடக்குது தெரியுமா? மேல மலைப்பக்கம் ஹோட்டல் ஒண்டுக்கு நான் கறுவா ஏலம் கொண்டு போறன். அங்க வெளிநாட்டுக்காரங்களுக்கு இதே கள்ளத்தான் வைன் கிளாஸ்ல ஊத்திக் குடுக்குறாங்க. இயற்கையாம், ஒடம்புக்கு நல்லதாம். அத ஒருநாள் கதையோட கதையா இவருகிட்ட சொல்லிப்போட்டன். அதுக்குப் பொறகு நான் பேசுற ஒண்டும் ஏறல்ல."

அவர் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். பிளேன்டீ வரவழைத்துக் குடித்தோம்.

கள் இறக்கும் மனிதரைத் தேடியும் போனேன். மலைச்சரிவில் சின்ன வீடு. என் துருப்பிடித்த சிங்களத்தில் தம்பியின் நோயைச் சொன்னேன். அவர் மனைவி கதிரை போட்டு, கித்துள் பாணி ஊற்றித் தயிர் தந்தார். இனிமேல் கொடுக்க மாட்டேன் என்று அவர் சொன்னார், சொன்னபடியே நடந்தார். குமார் வீங்கிய காலோடு அடுத்த கிராமத்துக்கு நடந்து போய் வாங்கிவந்தான். பழைய இடம் பத்து நிமிட வழி. இப்போது வெயிலில் மூச்சிரைத்து, மதகுக்கு மதகு உட்கார்ந்து வரவேண்டியிருந்தது. அவ்வளவுதான் நான் செய்த உபகாரம்.

புறப்படுவதற்கு முந்தின நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வந்த நாளிலிருந்து அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை.

"அண்ணி, நீங்க அந்த வேலைய விட்டுட்டீங்கன்னா அவரு நம்புவாரோ?"

நான் மடித்த சேலையைத் திரும்பவும் விரித்து மடித்தேன். விட்டாலும் அவன் வேறு காரணம் கண்டுபிடிப்பான் என்று சொல்ல நினைத்தேன். அது உண்மையும்கூட. ஆனால் அவளுக்கு இருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான், அதையும் நான் பிடுங்க வேண்டுமா? "யோசிக்கிறேன் செல்வி" என்றேன். லியோனுக்குத் திரும்பி வந்து, அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். வீட்டு வாடகையும், மகளின் படிப்பும், குமாருக்கு அனுப்பும் மருந்துச் செலவும் அந்தக் கடையிலிருந்துதான் வருகின்றன.

மத்தில்டிடம் சொல்லவேண்டும்போல் இருந்தது. என் பிரெஞ்சு கடைக்குப் போதும், துக்கத்துக்குப் போதாது. என் தம்பிக்கு ஈரலில் வருத்தம் என்று சொன்னேன். அவர் இரக்கத்தோடு, "ஆ, க்ரீஸ் த ஃபுவா" என்றார். ஈரல் கோளாறு என்று நேரே பொருள். ஆனால் பண்டிகை நாட்களில் அளவுக்கு மீறித் தின்றுவிட்டு வயிறு மந்தமானால் இங்கே எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் ஆர்ட்டிஷோக் இலைக் கஷாயப் பொதி ஒன்றைக் கொண்டுவந்து தந்து, தம்பிக்கு அனுப்பச் சொன்னார். "முழுக்க இயற்கை" என்றார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். பிறகு வேறு வார்த்தைகள் தேடி, இல்லை, அவன் சாகக்கூடிய நிலையில் இருக்கிறான், குடியால் வந்தது என்று சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பாவம், அங்கே கிடைக்கும் சாராயம் மோசமானதாக இருக்கும்" என்றார். நான் கள் கதையைச் சொல்லவில்லை. அவர் தன் அப்பாவைப் புதைத்த இடத்திலிருந்து தொடங்கிய நம்பிக்கை அது. அதை உடைக்க எனக்கு மொழியும் இல்லை, மனமும் இல்லை.

போன வாரம் குமார் இரத்தமாக வாந்தி எடுத்தான். பாரூக் நானா வேனில் ஏற்றிக் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வயிற்றில் சேர்ந்த நீரை எடுக்கிறார்கள், அது திரும்பவும் சேர்கிறது. ஈரல் வேலை செய்யாததால் மூளையும் குழம்புகிறதாம். சில நேரம் செல்வியைத் தெரிகிறது, சில நேரம் தெரியவில்லை. இருந்த விடுமுறை முழுவதையும் ஆகஸ்டில் எடுத்துவிட்டேன். டிக்கெட்டுக்கு வழி பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதை வாசிக்கும் உங்களில் எத்தனையோ பேர் இப்படி ஒரு டிக்கெட்டுக்கும் ஒரு செய்திக்கும் நடுவில் நின்றிருப்பீர்கள். எது முந்தும் என்று தெரியாது.

நேற்று, அங்கே மாலை நோயாளர் பார்க்கும் நேரம், இங்கே மத்தியானம். கடையில் ஒரு இளைஞர் இரண்டு போத்தல்களை வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். செல்வி போன் எடுத்து, அவன் காதில் வைத்தாள். வார்டின் இரைச்சலும், யாரோ சிங்களத்தில் பெயர் கூப்பிடுவதும் கேட்டது. பிறகு குமாரின் குரல், மிகவும் மெதுவாக.

"அக்கா, எங்க இருக்க?"

"கடையில குமார்."

"நம்ம கடையிலயா? அப்ப பக்கத்துலதானே. மழ வரப்போகுது, கடைசி பஸ்ஸுக்கு முந்தி வந்துரு."

அவன் தெல்தெனிய பஸாரை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று புரிந்தது. இல்லை, நான் லியோனில் இருக்கிறேன், வரமுடியவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

"வாறேன்," என்றேன். "இதோ வாறேன்."

என் வாய் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும். மொழி புரியாத அந்த இளைஞர் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, இரண்டு போத்தல்களையும் தூக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு மேசையருகே வந்து நின்றார்.