வெள்ளிக்கிழமைக் கடல்

1934ஆம் ஆண்டு தைப்பூசத்துக்கு மறுநாள் மதகுகளை மேற்பார்க்கும் ஓவசியர் இராசசிங்கம் மலாயாவுக்குப் புறப்பட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் உப்பாற்று மதகை வெங்காயத் தோட்டக்காரர் நமசிவாயத்தின் தலையில் கட்டிவிட்டுப் போனார். மழைக்காலம் முழுக்க மதகுப் பலகைகள் மேலே இருக்க வேண்டும். வெள்ளம் வயல்களின் உப்பைக் கழுவிக்கொண்டு கடலுக்குப் போகும். மழை ஓய்ந்து கடல் உள்ளே ஏறத் தொடங்கியதும் பலகைகளை இறக்கிவிட வேண்டும். பிந்தினால் கரையோரக் கிணறுகள் உவராகிவிடும். தண்ணீரின் உப்பைக் காட்டும் கண்ணாடிக் குழாயை ஓவசியர் எப்போதோ உடைத்திருந்தார்.

"அப்ப நான் என்னத்தாலை உப்புப் பாக்கிறது?" என்று நமசிவாயம் கேட்டார்.

"உமக்கு நாக்கு இருக்குத்தானே? அது காணும்," என்றுவிட்டு ஓவசியர் வண்டியில் ஏறினார்.

கிடைத்தது தற்காலிக வேலைதான். ஆனாலும் அது உத்தியோகம். மனைவி குணலட்சுமி உரும்பிராய்க்காரி. அவளுடைய தமையன்மார் எல்லாரும் அரசாங்கக் கிளாக்கர்மார். தங்கச்சியை ஒரு வெங்காயக்காரனுக்குக் கொடுத்ததைப் பந்திக்குப் பந்தி சொல்லிக்காட்டுவார்கள். வேலை நிரந்தரமானால் அவர்கள் வாய் அடைபடும். ஆகவே நமசிவாயம் அம்மனுக்கு நேர்த்தி வைத்தார்: நிரந்தரமாகும்வரை வெள்ளிக்கிழமைகளில் உப்பைத் தொடுவதில்லை. மற்ற நாட்களில் கருவாடு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அந்த விஷயத்தில் அம்மனைத் தொந்தரவு செய்ய அவர் விரும்பவில்லை.

சாப்பிட்ட வாயோடு மதகுக்குப் போவார். ஒரு கை தண்ணீரை அள்ளிக் கொப்பளித்து, கண்ணை மூடி, பெரிய வழக்குக்குத் தீர்ப்புச் சொல்கிறவர் போல யோசிப்பார். பிறகு மிஷன் பள்ளிக்கூடத்துப் பியாட்றிஸ் ரீச்சரிடம் சொல்வார். ரீச்சர் அதை இங்கிலீசில் எழுதிப் பட்டினத்துக் கந்தோரில் இருக்கும் துரைமாருக்கு அனுப்புவார்.

மாசி பிறந்ததும் விசித்திரம் தொடங்கியது. வியாழக்கிழமை தண்ணீர் இளநீர். வெள்ளிக்கிழமை கடல். சனிக்கிழமை மறுபடியும் இளநீர். நமசிவாயம் வெள்ளிதோறும் வியர்க்க வியர்க்கப் பலகைகளை இறக்கினார். சனிதோறும் மூச்சிரைக்கத் தூக்கினார். கடல் அம்மனுக்குக் கட்டுப்பட்டது என்று கோயில்பக்கம் கதைத்தார்கள். வெள்ளிக்கிழமை நோன்பு பிடிக்கும் தபசுகாலம் அல்லவா என்று சேர்ச்சுப்பக்கம் கதைத்தார்கள்.

ஒரு புதன்கிழமை குணலட்சுமியின் பருப்பு மத்தியானம் தாண்டியும் கல்லாகவே கிடந்தது. உவர்த் தண்ணீரில் பருப்பு அவியாது என்பது அடுப்படிக்குள் போன எல்லாருக்கும் தெரியும்.

"இஞ்சருங்கோ, கிணத்திலை உப்பு ஏறீட்டுது."

"இண்டைக்குப் புதன். புதனிலை உப்பு வராது."

"கடலுக்கு ஆர் கலண்டர் வாங்கிக் குடுத்தது?"

நமசிவாயம் கருவாட்டுச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டார். மறுநாள் காலை அவள் உப்பில்லாத புட்டும் வாழைப்பழமும் வைத்தாள். வியாழக்கிழமை ஏன் இந்தத் தண்டனை என்று முணுமுணுத்தபடி தின்றுவிட்டு மதகுக்குப் போனவர், போன வேகத்திலேயே துப்பிக்கொண்டு திரும்பி வந்தார்.

"கடல் வந்திட்டுது, குணம். வியாழனிலை வந்திட்டுது."

"அது எப்பவோ வந்திட்டுது. கருவாடு திண்ட நாக்குக்கு எல்லாத் தண்ணியும் இளநீர்தான். உங்கடை நாக்கு வெள்ளிக்கிழமையிலை மட்டும்தான் வேலைக்கு வருது."

அன்றே பலகைகள் இறங்கின. இடுக்குகளில் களிமண் அப்பினார்கள். உவரேறிய கிணறுகள் அடுத்த மாரியோடு தேறிவிட்டன. நமசிவாயம்தான் தேறவில்லை. தண்ணீர் சுவைக்கும் நாட்களில் எல்லாம் அவருக்கு உப்பில்லாச் சோறு. அதைவிடப் பெரிய பயம், கந்தோருக்குப் போய்விட்ட வெள்ளிக்கிழமைக் கதைகள். விஷயம் வெளியே வந்தால் உத்தியோகம் போச்சு. பேசாமல் விடுவோம் என்று ரீச்சரிடம் கெஞ்சினார். பொய்க்குத் தன் கையெழுத்து உதவாது என்று சொல்லி, கருவாடு வரை ஒன்றும் விடாமல் எழுதி அனுப்பினார் பியாட்றிஸ்.

பதில் இல்லை. வேலையும் போகவில்லை, நிரந்தரமாகவும் இல்லை. தபால்காரன் வந்தால் அவர் வெங்காயப் பாத்திக்குள் குனிந்துகொள்வார். அப்படியே வருடங்கள் போயின, யுத்தமும் வந்தது. தமையன்மார் இப்போது அவரை 'தற்காலிகம்' என்றே கூப்பிட்டார்கள்.

1941இல் நீளமான உறை ஒன்று வந்தது. நமசிவாயம் அதைத் தொடவே மறுத்தார். ரீச்சர்தான் பிரித்து, தமிழாக்கிப் படித்தார்:

"வெள்ளிக்கிழமைகளில் கடல் மேலேறுவதை முதன்முதலில் கண்டறிந்தமைக்காக நீர் மதகுக் காவலராக நிரந்தரமாக்கப்படுகிறீர். கருவாடு பற்றிய கடிதம் எமது இலாகாவுக்கு உரியதன்று. மீன்பிடி இலாகாவுக்கு அனுப்பப்பட்டுள்ளது."