ஓ.ஜி. பிறந்த ஊர்

இங்கிலாந்தில் உள்ள ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் பழைய சாதனைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். எந்தக் கழகம் என்று எழுதமாட்டேன். எழுதினால் வாசிப்பவர்களில் பாதிப்பேர் சண்டைக்கு வருவார்கள், மிச்சப்பேர் எனக்காக இரக்கப்படுவார்கள். முதல் கோலை அடித்தவர் யார், அதிக ஆட்டங்கள் ஆடியவர் யார், பனி கொட்டி ஆட்டம் பாதியில் நின்றது எந்தப் பருவத்தில், எல்லாம் சொல்லுவேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

இதில் வெட்கமான பகுதி என்னவென்றால், அவர்களுடைய ஓர் ஆட்டத்தைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. சுவிஸில், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் எனக்கு வேலை. அவர்கள் பந்தை உருட்டும் சனிக்கிழமைகளில் நான் உருளைக்கிழங்கு ரோஸ்டி பிரட்டிக்கொண்டிருப்பேன். என்னுடைய உதைபந்தாட்டம் முழுவதும் ஒரு தடித்த புத்தகத்திலிருந்து வந்தது. ஓர் இங்கிலாந்துக்காரர் அதை அறையில் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஹோட்டலில் சில மாதம் வைத்துப் பார்த்தார்கள், அவர் தேடி எழுதவில்லை. எறியப் போன நேரம் நான் வாங்கிக்கொண்டேன். ஆங்கிலம் படிக்கலாம் என்று நினைப்பு. திறந்து பார்த்தால் அதில் ஆங்கிலம் என்று பெரிதாக எதுவும் இல்லை. பக்கம் பக்கமாகப் பொடி எழுத்தில் ஆட்டங்கள், எதிரணியின் பெயர், முடிவு, எங்களுக்குக் கோல் அடித்தவர்களின் பெயர்கள், அவ்வளவுதான்.

அந்தப் பெயர் வரிசையில்தான் நான் ஓ.ஜி.யைச் சந்தித்தேன்.

மற்றவர்களுக்கெல்லாம் முழுப் பெயர் இருந்தது. இவருக்கு மட்டும் இரண்டு எழுத்து, அதுவும் சின்ன எழுத்தில், பக்கத்திலே இரண்டு புள்ளி. எனக்கு அதில் ஒரு வியப்பும் தோன்றவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியரை இரண்டு எழுத்தில்தான் சொல்லுவோம். அதிபரை மூன்று எழுத்தில். ஒரு மனிதருக்கு மரியாதை கூடக் கூட அவருடைய பெயர் உதிர்ந்து இனிஷல் மட்டும் மிஞ்சும் என்பது எங்களுக்குப் பழகிப்போன சங்கதி. ஆகவே ஓ.ஜி. பெரிய ஆளாக இருக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். சின்ன எழுத்தில் போட்டிருந்தது அவருடைய அடக்கம்.

அவர் ஓடி ஓடிக் கோல் குவிக்கும் ஆள் இல்லை. சில ஆட்டங்களுக்கு ஒருமுறை வந்து, ஒன்றே ஒன்று அடித்துவிட்டுப் போய்விடுவார். அணி தோற்கப்போகும் நாளிலும் வருவார். எனக்கு அந்தக் குணம் பிடித்துப்போனது. குசினியில் நானும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் சமையல் தலைவர் அப்படி நினைக்கவில்லை.

பிறகுதான் அநியாயத்தைக் கண்டேன். புத்தகத்தின் கடைசியில், கழகத்துக்காக ஆடிய எல்லோருடைய பட்டியலும் இருந்தது. ஒரே ஓர் ஆட்டத்தில் காலை முறித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவருக்குக்கூடப் பிறந்த ஊர் போட்டிருந்தார்கள். ஓ.ஜி. இல்லை. நான் திரும்பத் திரும்பத் தேடினேன். எனக்கு இரத்தம் கொதித்தது. பாவம், ஏழை வீட்டுப் பிள்ளையோ, வெளிநாட்டுக்காரனோ என்று நினைத்தேன். புத்தகம் போட்டவர்களுக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதத் தொடங்கி, ஆங்கிலம் இடம் கொடுக்காததால் 'அன்புடையீர்' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பதிலாக ஒரு கொப்பி வாங்கி, ஓ.ஜி. அடித்த கோல்களை எல்லாம் நானே பொறுக்கித் தமிழில் எழுத ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் அவருடைய பெயர். கீழே 'பிறந்த ஊர்' என்று எழுதி இடம் விட்டேன்.

ஒரு சிக்கல் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படங்களின் காலத்திலும் அவர் அடித்திருக்கிறார், அண்மையிலும் அடித்திருக்கிறார். ஒரு மனிதரால் இத்தனை காலம் ஓட முடியாது. அப்படியானால் தகப்பனும் மகனும். ஆனால் எங்கள் வழக்கப்படி தகப்பனுடைய எழுத்து முன்னுக்கு வரும் என்பதால், மகன், தாத்தாவின் பெயரே வைத்திருந்தாலும், ஜி.ஓ. ஆக அல்லவா இருக்கவேண்டும்? ஒரு குளிர்காலம் முழுவதும் ஜி.ஓ.வைத் தேடினேன். கிடைக்கவில்லை. இங்கிலாந்துக்காரருக்கு இனிஷல் போடத் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. மனைவியும் மகளும் சிவப்பு நிறச் சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார்கள். நான் மட்டும் இலங்கைப் பாஸ்போர்ட். என் பிறந்தநாளுக்கு அந்தக் கழகத்தின் மைதானத்தைக் காட்டுவதற்கு மகள் ஏற்பாடு செய்தாள். எனக்கு இங்கிலாந்து விசா கிடைக்கவில்லை. டிக்கெட்டை வீணாக்கக்கூடாது என்று, உதைபந்தாட்டம் என்றாலே கொட்டாவி விடும் அவர்கள் இருவரும் போய், மைதானத்தின் வாசலில் நின்று படம் எடுத்து அனுப்பினார்கள். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் படத்தைப் பார்த்துக் குசினியில் அழுதேன், வெங்காயம் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தேன்.

குடியுரிமைக்கு நான் ஏற்கெனவே ஒருமுறை போய்த் தோற்றவன். நாங்கள் இங்கே குடியிருக்கும் கிராமத்து ஊர்ச்சபையைக் கெமைண்டே என்பார்கள். அங்கே ஒரு குழு கூப்பிட்டுப் பேசிப் பார்க்கும். முதல்முறை பயத்தில் எல்லாவற்றுக்கும் 'யா', அதாவது 'ஓம்', என்றேன். ஊரில் உங்களுக்கு நண்பர்கள் இல்லையா என்று கேட்டதற்கும் 'யா' என்றேன். கொஞ்சக் காலம் ஊரோடு பழகிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது முறை போகும் காலையில், மகள் என் சேர்ட் கொலரைச் சரிசெய்தபடி சொன்னாள்.

"அப்பா, இந்த முறை நல்லாக் கதைக்கோணும். உங்களுக்கு என்ன விருப்பமோ அதைப் பற்றிக் கதையுங்கோ. சும்மா தலையாட்டிப்போட்டு வராதேங்கோ."

விருப்பமானதைப் பற்றிக் கதை என்றாள். நான் கொப்பியை எடுத்துப் பைக்குள் வைத்தேன். அவள் அதைக் காணவில்லை.

குழுவில் மூன்று பேர். தலைவி ஓர் அம்மா, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் அகலத் தோள்காரர் ஒருவர், ஊர்க் கழகத்தில் கோல் காப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். மூன்றாமவர் எழுதிக்கொண்டே இருந்தார். குப்பை பிரிப்பது, ஊர்ச்சபை, மலைகளின் பெயர் என்று எல்லாம் ஓரளவு நன்றாகப் போனது. பிறகு தலைவி, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

நான் கழகத்தின் பெயரைச் சொல்லிக் கொப்பியை மேசையில் வைத்தேன். அகலத் தோள்காரரின் முகம் மலர்ந்தது. அவருக்கும் அதே கழகம்தான் பிடிக்குமாம். உங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டார்.

அதன் பிறகு என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஓ.ஜி.யின் விசுவாசம், அடக்கம், கடைசிப் பட்டியலில் அவருக்கு நடந்த அநியாயம், ஜி.ஓ.வைத் தேடிய குளிர்காலம், எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த டொய்ச்சில், அந்த அரைகுறை ஜெர்மன் மொழியில், கொட்டினேன். அவருக்கு ஒரு சிலைகூட இல்லையே என்று மேசையைத் தட்டிக் கேட்டேன். எழுதுகிறவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அகலத் தோள்காரர் முதலில் இருமினார். பிறகு மேசைக்குக் கீழே எதையோ தேடுகிறவர்போல் குனிந்தார். நிமிர்ந்தபோது கண்களில் தண்ணீர். அது ஆள் இல்லை, 'ஐகன்கோல்' என்றார். ஐகன் என்றால் சொந்தம் என்று எனக்குத் தெரியும். சொந்தமாக அடித்ததுதானே, வாங்கி அடித்ததா என்று கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்து இரண்டு கோல் கம்பங்களைக் கீறி, எதிரணிக்காரன் ஒருவனை வரைந்து, அவனுடைய காலிலிருந்து அவனுடைய கம்பத்துக்கே ஓர் அம்புக்குறி போட்டார்.

அட, சேம் சைட். ஊரில் நாங்கள் வாய் ஓயாமல் கத்திய சேம் சைட். அதற்கு இங்கிலாந்தில் 'ஓன் கோல்' என்று வேறு பெயர் இருக்கும், ஓ.ஜி. அதன் சுருக்கம் என்று இத்தனை வருடமும் எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை பக்கமும், தன் கம்பத்துக்கே அடித்துவிட்டுத் தலையில் கைவைத்த எதிரணிக்காரர்களின் விவரம்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். என் குடும்பப் பெயரைச் சொல்லி, "அப்படியென்றால், இத்தனை வருடமும் இல்லாத ஒருவரைப் பற்றியா எழுதினீர்கள்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. இந்த முறையும் போச்சு, இனி அந்த மைதானத்தைப் படத்தில்தான் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தேன். போனது போகட்டும் என்ற துணிவில் வாய் தானாகத் திறந்தது.

"ஆள் இல்லைத்தான். ஆனால் பதிவிலே இருக்கிறார். நீங்கள் இப்போது கூப்பிட்டீர்களே ஒரு பெயர், அதுவும் அப்படித்தான். அது என்னுடைய அப்பா. அவர் சுவிசுக்கு வந்ததே இல்லை."

நான் விளக்கினேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தை முன்னுக்குப் போடுவோம், அவ்வளவுதான். அகதியாக வந்த அன்று அலுவலர் அந்த ஓர் எழுத்தை விரித்து எழுதச் சொன்னார், எழுதினேன். அன்றிலிருந்து இந்த நாட்டில் எல்லாம் அப்பாவுக்குத்தான். பல் டாக்டர் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார். டிக்கெட் இல்லாமல் ரயிலில் மாட்டியதும் அப்பாதான். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த மனிதர், ஐஸ் தண்ணீர் குடித்தாலே இருமுவார். அவர் செத்த வீட்டுக்கு நான் போகவில்லை, அப்போது போக முடியாது. அடுத்த நாள் வேலைக்குப் போனேன், குசினியில் வழமைபோல் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் திரும்பினேன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகப் போனது. அகலத் தோள்காரர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். தான் வரைந்த தாளை மடித்து என் கொப்பிக்குள் வைத்துத் தந்தார். தலைவி, என் முதற்பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். இருபது வருடத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்காத கேள்வி. மூன்று தரம் முயன்றார். மூன்றும் பிழை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மகள் சோபாவில் விழுந்து சிரித்தாள். பிறகு தலையணையால் முகத்தை மூடிக்கொண்டு, "எங்கட அப்பாவுக்கு இனி இந்தப் பிறவியில பாஸ்போர்ட் இல்லை," என்றாள்.

கடிதம் சில மாதம் கழித்து வந்தது. அப்பாவின் பெயருக்குத்தான் வந்தது. அவருக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள்.

பாஸ்போர்ட்டும் வந்தது. படம் என்னுடையது, பெரிய எழுத்தில் மேலே நிற்பது அப்பா. சுவிஸ் பாஸ்போர்ட்டில் எங்கே பிறந்தாய் என்று போடுவதில்லை. உனக்கு எது ஊர் என்று போடுவார்கள், ஹைமாட்ஓர்ட் என்று அதற்குப் பெயர். அப்பாவின் பெயருக்குக் கீழே நாங்கள் குடியிருக்கும் இந்தச் சுவிஸ் கிராமத்தின் பெயர் இருந்தது. நான் அதைப் பார்த்து வெங்காயம் இல்லாமலேயே அழுதேன்.

கொப்பியின் முதல் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லி மகள் இன்னும் கேட்கிறாள். கிழிக்கவில்லை. அன்றைக்கே பேனை எடுத்து, ஓ.ஜி.க்குக் கீழே இத்தனை காலம் வெறுமையாகக் கிடந்த இடத்தில் அதே கிராமத்தின் பெயரை எழுதிவிட்டேன். அப்பாவும் அவரும் இப்போது ஒரே ஊர்.