பிறந்த வீட்டுக் கோடி

ஊர்க் கட்டுப்பாட்டை மீறிய குடும்பம் நிலைக்காது என்றே எங்கள் வீட்டில் நம்பினோம். ஆரணியில் எங்கள் நெசவாளர் தெருவுக்கு அப்பாதான் நாட்டாண்மை. சாதி மாறி மணந்த தன் தங்கையையும், அவள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகிறவர்களையும் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னவரும் அவரே.

அத்தை முள்ளிப்பட்டில் இறந்தபோது, பிறந்த வீட்டார் போர்த்த வேண்டிய கோடிச் சேலையை அம்மா கையில் எடுத்துக்கொண்டாள்.

"போவாத. நான் சொன்ன சொல்லு இன்னா ஆவறது?" என்றார் அப்பா.

"உங்க சொல்லு தெருவுல இருக்கட்டுங்க. பொறந்த வூடு இல்லாதவளா அவ போவக் கூடாது" என்று சொல்லி அம்மா பேருந்து ஏறினாள்.

கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் அரசன் இட்ட ஆணை அவன் வீட்டின் மீதே வந்து விழுவதைப் பின்னாளில் படித்தேன். அவன் மனம் இளகுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அப்பா அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் தெருக்கூட்டத்தில் எழுந்து, "மீறினது என் வூடுதாங்க. எங்களயும் தள்ளி வெச்சிடுங்க" என்றார். அம்மாவை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை.

விசேஷங்களுக்கு எவரும் அழைக்காத அந்த வீட்டில் இன்று அவர்கள் இருவரும் இருக்கிறார்கள்.