ஊர் என்று முடிகிற வரி

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை கொழும்பிலிருந்து கண்டிக்கும், அங்கிருந்து கம்பளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்கும் போய்வந்தேன். குளிரும் பூங்காவும் தலதா மாளிகையும் எதிர்பார்த்து இந்த வலைப்பக்கத்தைத் திறந்தவர்கள் மன்னிக்கவேண்டும். என் பேச்சைக் கேட்டு ஒருவர் கெட்டுப்போனார். அவரைப் பார்க்கத்தான் போனேன்.

மூன்று வருடமாக நான் இங்கே ஒரு பழைய சீனக் கவிஞரை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தது பலருக்குத் தெரியும். (பெயரை எழுதுவதில்லை. எப்படி எழுதினாலும் உச்சரிப்புத் தப்பு என்று யாராவது சண்டைக்கு வருகிறார்கள்.) அரச உத்தியோகம் பார்த்தவர், பிடிக்காமல் விட்டுவிட்டுச் சொந்த நிலத்துக்குத் திரும்பியவர். அவருக்குப் பின்னால் வந்த கவிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அவருக்குப் பதில் கவிதை எழுதினார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. அவருடைய வரிகள் எந்தச் சொற்களில் முடிந்தனவோ, அதே சொற்களில் அதே வரிசையில் இவர்களுடைய வரிகளும் முடியவேண்டும். எழுதினவர்களில் பலர் மாதச் சம்பளத்தை விடாமல் எழுதினவர்கள் என்பது வேறு விஷயம். அந்தப் பதில்களில் தெரிகிற மனிதர் எப்போதும் அமைதியாக இருக்கிறார். நானும் அந்த அமைதியைத்தான் நம்பினேன்.

கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பதினெட்டு வருடம் லிகிதராக, அதாவது எழுத்தராக, இருந்தவர் இந்தப் பதிவுகளை விடாமல் படித்தார். இங்கே சந்திரன் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் பிறந்து, படித்து, நிரந்தர வேலை எடுத்து, அம்பிட்டியவில் வாடகை வீட்டில் மனைவி மகளோடு இருந்தவர். ஒரு நாள் என் பதிவின் கீழே, அந்தச் சீன முறைப்படியே, என் தமிழ் வரிகளின் கடைசிச் சொற்களை வைத்து ஒரு பதில் கவிதை போட்டார். அலுவலகத்தில் தினமும் படுகிற அவமானமும், ஊருக்குத் திரும்பும் ஆசையும் அதில் இருந்தன. அசல் கவிதையைவிட நன்றாக இருந்தது. நான் துள்ளிக் குதித்து எழுதினேன்: “தம்பி, பிறகேன் யோசிக்கிறீங்கள்? அவர் போனார்தானே. நீங்களும் ஊருக்குப் போங்கோ.” நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இதயம் போட்டார்கள். மூன்று மாதத்தில் அவர் வேலையை விட்டார். அதோடு எழுதுவதையும் நிறுத்திவிட்டார்.

கொழும்புக் கோட்டையில் காலை ஐந்தரைக்கு பஸ் எடுத்தேன். கண்டிக்கு நூற்றுப் பதினைந்து கிலோமீற்றர், மூன்றே முக்கால் மணி நேரம். முதலில் அம்பிட்டியவுக்கு ஏறி, அங்கிருந்து கண்டிக் குளக்கரை வரைக்கும் அவர் தினமும் அலுவலகத்துக்கு இறங்கி நடந்த பாதையை நடந்து பார்த்தேன். நாலு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, எனக்கு ஐம்பத்தைந்து நிமிடம். அவருடைய கவிதையில் இந்தச் சரிவு சிறைக்குப் போகிற வழி மாதிரி இருந்தது. எனக்கு முழங்கால்தான் வலித்தது. அதற்கே வெட்கமாக இருந்தது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்பளை பஸ் கிடைக்கும். ஒரு மணி நேரம். கம்பளையில் முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் தோட்டத்துக்கு ஒன்பது கிலோமீற்றர் என்று சொல்லி ஆயிரத்து இருநூறு கேட்டார்.

“பங்களாவுக்கா, லயத்துக்கா?” துரை இருப்பது பங்களா, தொழிலாளர் குடும்பங்கள் இருப்பது லயம் என்கிற வரிசை அறைகள்.

“லயத்துக்கு. சந்திரன் எண்டு, கவிதை எழுதுறவர்.”

“கவிதை எழுதுறவரா? அப்படி யாரும் இல்லையே.” கொஞ்ச தூரம் போனபிறகு அவருக்குப் பிடிபட்டது. “ஓ, பென்ஷன் வேலைய விட்டுட்டு வந்த மனுசனா? அப்படிச் சொல்லுங்க. இங்க பிள்ளைங்கள அவரக் காட்டித்தான் திட்டுறாங்க.”

முதல்நாள் சொல்லிவைத்தபடி சந்திரன் பாதை முடிகிற இடத்தில் நின்றார். படத்தில் பார்த்ததைவிடப் பத்து வயது கூடத் தெரிந்தார். “வாங்க டீச்சர், வாங்க. பாதை மோசம்தான்” என்று என் பையை வாங்கிக்கொண்டார். அண்ணனுடைய லயத்து அறையில் ஐந்து பேரோடு ஆறாவது ஆளாக இருக்கிறார். இருந்த ஒரு கதிரையில் என்னை உட்காரவைத்து, தான் வாசற்படியில் உட்கார்ந்தார். மனைவியும் மகளும் குண்டசாலையில் மனைவியின் அக்கா வீட்டில். மகள் இப்போது அவரோடு பேசுவதில்லை.

லயத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டு நிலத்தைக் காட்டினார். வந்த புதிதில் அதைக் கொத்தி போஞ்சி போட்டிருக்கிறார். கொடி இடுப்பளவு வந்தபோது பிடுங்கச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திலிருந்து ஆள் வந்தது.

“செக்ரோல்ல, அதான் தோட்டத்து வேலையாள் பதிவுல, பேர் இருக்கிறவங்களுக்குத்தான் அந்தத் துண்டு, டீச்சர். நான் இங்க வேலை செய்யலையே. அவங்க சொன்னது சட்டப்படி சரிதான். நானே பிடுங்கிட்டேன்.”

எனக்கு வடக்கே வடமராட்சியில் கிணற்றோடு நாலு பரப்புக் காணி இருக்கிறது. நானோ கொழும்பில் மாடி வீட்டில் ஆசிரியர் ஓய்வூதியத்தில் இருக்கிறேன். எங்கள் ஆட்கள் யாரைக் கண்டாலும் முதலில் கேட்பது “எந்த ஊர்?” என்றுதான். ஊர் என்றால் பின்னால் ஒரு காணி இருக்கும் என்று நினைத்தே வளர்ந்துவிட்டோம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை. ஆங்கிலப் பிரதியில் அந்தக் கவிதையின் வரி வயல் என்றுதான் முடிந்தது. ஓசைக்காக நான்தான் ஊர் என்று போட்டேன்.

அதை அவரிடம் சொன்னேன். தலையாட்டினார்.

“ஊர்னு ஒரு வரி முடியணும்னு இருந்திச்சு. விதி அதுதானே? ரெண்டு நாள் யோசிச்சேன். எழுதி முடிச்சதும் எனக்கும் ஊர் இருக்கிற மாதிரியே தோணிப்போச்சு.” பிறகு கேட்டார்: “அந்தச் சீன மனுசன் வேலைய விட்டபிறகு எப்படி இருந்தாரு டீச்சர்? அதை நீங்க போடவே இல்லையே.”

மறைக்க என்ன இருக்கிறது? பசியோடு இருந்தார் என்றேன். பிள்ளைகளை நினைத்துக் கலங்கினார், சாவுக்குப் பயந்தார், அதையெல்லாம் எழுதியும் வைத்தார் என்றேன். அந்தக் கவிதைகள் என்னிடம் இருந்தன. சோகம் கூடிப்போகும் என்று தள்ளிவைத்திருந்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “அதை முதல்ல போட்டிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

கண்டியில் வேலை விசாரித்துப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். நாற்பத்தாறு வயதில் விட்ட அரசாங்க வேலை திரும்பக் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், பின்னேரம் மழை. வந்த வண்டியை நிறுத்திவையுங்கள், திரும்ப வேறு கிடைக்காது. என் வண்டிக்காரர் காத்திருந்ததற்கு முந்நூறு ரூபா கூட வாங்கினார், நியாயம்தான். லயத்தைப் படம் எடுக்காதீர்கள், அது ஆட்கள் குடியிருக்கிற வீடு. என் பழைய மொழிபெயர்ப்புகளைப் படித்து வேலையை விட நினைத்திருப்பவர்கள் தயவுசெய்து விடாதீர்கள். தள்ளிவைத்த கவிதைகளை இந்த வாரம் போடுகிறேன். பிந்திவிட்டது என்று தெரிந்துதான் போடுகிறேன்.

வண்டி ஏறுமுன், அந்தப் பழைய பதிவின் கீழே நான் எழுதிய பதிலை அழித்துவிடட்டுமா என்று சந்திரனிடம் கேட்டேன்.

“வேணாம் டீச்சர், அது இருக்கட்டும்” என்றார். “அழிச்சீங்கன்னா, நானாப் போன மாதிரி ஆயிடும்.”